நாற்பத்தைந்து நாள் லீவில் ஒரு சமையல் மேடை

காமில் கத்தாரிலிருந்து வந்த நான்காம் நாள் காலை, மர்ஜியாவின் அடுப்பு சமையல்கட்டில் இல்லை. கொல்லையில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், சிலிண்டரோடு வெயிலில் நின்றது. பத்தே நாள் பொறுத்துக்கொள், அதற்குள் மேடை முடிந்துவிடும் என்றான் காமில். அவனுக்கு மொத்த லீவே நாற்பத்தைந்து நாள்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறவன்.

லெப்பைக்குடிக்காட்டில் அந்தத் தெருவில் பாதி வீடுகளில் ஆம்பளைகள் வெளிநாட்டில்தான் இருந்தார்கள். லீவில் வந்தவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போனார்கள், இல்லையென்றால் கறி வாங்கிவந்து விருந்து வைத்தார்கள். மர்ஜியா அவ்வளவெல்லாம் கேட்கவில்லை. எட்டு வயது மகள் ஹஸினாவுக்குப் பலகையில் எழுதுவது தெரிவதில்லை என்று டீச்சர் சொல்லியிருந்தார். அவளைத் திருச்சிக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்க வேண்டும், மூன்று பேரும் ஒருநாள் சேர்ந்து போய்வந்தால் போதும் என்றுதான் கேட்டாள்.

"மேடை முடியட்டும்," என்றான் காமில்.

இத்தனைக்கும் மேடைக்காக அவள் ஏற்கெனவே அரியலூர் போய்வந்திருந்தாள். பழைய கடப்பாக்கல் ஓரமெல்லாம் உதிர்ந்துவிட்டதென்று அண்ணனோடு போய், பொன் பொடி தூவினாற்போல் இருந்த கறுப்பு கிரானைட் ஒன்றைப் பார்த்துவைத்தாள். ரெண்டு ஆள் வந்து ஒரே நாளில் பதித்துவிட்டுப் போவார்கள் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். போனில் இதைச் சொன்னபோது காமில், கிரானைட் வேண்டாம், நானே வந்து என் கையால் ஊற்றித் தருகிறேன் என்றான். போனில் சொல்வதெல்லாம் நடக்கவா போகிறது என்று அவளும் விட்டுவிட்டாள். அவன் வந்து இறங்குவதற்கு இரண்டு நாள் முன்பாகவே அவன் சொல்லிவைத்த சாமான் பெட்டி வந்து இறங்கியது.

பெட்டிக்குள் பெரிய கேனில் ரெசின், சின்ன கேனில் ஹார்டனர், நீலமும் வெள்ளையும் கறுப்பும் பொன்னிறமுமாகக் கலர்ப்பொடிகள், சூடான காற்று அடிக்கிற துப்பாக்கி ஒன்று. இரண்டு கேனிலும் இருப்பதைக் கலந்து ஊற்றினால் ஒரு நாளில் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். காமில் வேலை பார்த்த கம்பெனி கத்தாரில் பெரிய பெரிய குடோன்களுக்கு இப்படித்தான் தரை போட்டது. அந்தத் தரைகளின் போட்டோவை அவன் வருடக்கணக்காக அனுப்பிக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றும் முகம் பார்க்கலாம்போல் பளபளக்கும். இப்போது வெள்ளைக்காரன் ஒருவன் சமையல் மேடையில் கடலையே ஊற்றுகிற வீடியோ ஒன்றை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினான். நீலத் தண்ணீர், கரையில் வெள்ளை நுரை. அவனுடைய அம்மா ஜுலைகா, மாஷா அல்லாஹ், அப்படியே கடலாட்டம் இருக்கு என்றாள். கடல்மேல் வைத்து யார் வெங்காயம் நறுக்குவது என்று மர்ஜியா கேட்டதற்கு காமில் வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டான்.

கடப்பாக்கல்லைச் சொரசொரப்பாக்க வேண்டுமென்று மூன்று நாள் கிரைண்டர் போட்டுத் தேய்த்தான். அந்த வேலையில் மட்டும் குறை சொல்ல முடியாது. முழங்கால் போட்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, வாய்க்குத் துணி கட்டிக்கொண்டு, ஒரு மேடுபள்ளம் விடாமல் தேய்த்தான். ஆனால் கறுப்புத் தூசி அரிசி டிரம்முக்குள் போனது, ஊறுகாய் ஜாடி மூடியில் படிந்தது, காயப்போட்ட துணியில் ஒட்டியது. மர்ஜியா விடிந்ததும் பன்னிரண்டு வீட்டுக்கு இடியாப்பம் பிழிந்து கொடுக்கிறவள். கொல்லையில் காற்று அடுப்பை அணைக்கும்போதெல்லாம் மறைப்புக்கு ஒரு தகரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் வேலை பார்த்தாள். அச்சை அமுக்க இரண்டு கையும் வேண்டும். தகரத்தை இடுப்பால் முட்டுக்கொடுத்து நின்றாள்.

எட்டாம் நாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து ஊற்றுவதற்கு ஆயத்தமானான். சித்திரை வெயில் ஓட்டைப் பிளந்தது. ஃபேன் போட்டால் தூசி விழும் என்று நிறுத்திவிட்டான். ஜன்னலையும் அடைத்தாயிற்று. ரெசின் முழுவதையும் ஒரே பக்கெட்டில் கொட்டி, ஹார்டனரையும் கொட்டி, நீலத்தைப் போட்டுக் கலக்கினான். நீலம் போதுமா, இன்னும் கொஞ்சம் போடலாமா என்று அம்மாவைக் கூப்பிட்டு ஆலோசனை கேட்டான். அம்மா இன்னும் கொஞ்சம் போடச் சொன்னாள். அதற்குள் பக்கெட்டிலிருந்து புகை வந்தது. காமில் கையை வைத்துப் பார்த்துச் சட்டென்று எடுத்துக்கொண்டான். கொதித்துக்கொண்டிருந்தது. பக்கெட்டின் பக்கமெல்லாம் இளகித் தொங்க, அதைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடி, மர்ஜியாவின் அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்தான். மேடையில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

அது அங்கேயே இறுகிக் கல்லாகிவிட்டது. தெருவில் இருந்தவர்களெல்லாம் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஜுலைகா மட்டும் நல்ல உயரமாக இருக்கிறதென்று அதன்மேல் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள்.

மறுபடி சாமான் வருவதற்கு ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாளில் திருச்சி போய்வந்துவிடலாமே என்று மர்ஜியா கேட்டாள். பார்சல் வரும்போது தான் வீட்டில் இருக்க வேண்டும் என்றான் காமில். பார்சல் கடைசியில் பெரம்பலூரிலேயே நின்றுவிட்டது. அவன்தான் பஸ் ஏறிப்போய் எடுத்துவந்தான்.

இந்தமுறை அவனிடம் ஒரு யோசனை இருந்தது. வெயில் சூட்டில்தான் சீக்கிரம் இறுகிவிட்டது, ஹார்டனரைக் கால் பங்கு குறைத்தால் மெதுவாக இறுகும் என்றான். பெட்டியோடு வந்த பேப்பரில் அப்படிப் போட்டிருக்கிறதா என்று மர்ஜியா கேட்டாள். அது குளிர் நாட்டுக்காரனுக்கு எழுதினது என்றான்.

ஊற்றியபோது உண்மையாகவே நன்றாக வந்தது. நீலம் பரவி, வெள்ளை அதன்மேல் நரம்பு நரம்பாக ஓடி, கடல் என்றால் கடல்தான். மர்ஜியாகூட ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் கொஞ்சநேரம் நின்று பார்த்தாள். அவள் பார்ப்பதை காமில் பார்த்துவிட்டான். அன்றைக்கெல்லாம் அவன் முகத்தில் சிரிப்பு போகவில்லை.

மறுநாள் விரலை வைத்தால் ஒட்டியது. மூன்றாம் நாளும் ஒட்டியது. வாரம் ஒன்று ஆகியும் வெல்லப்பாகு மாதிரி அப்படியே இருந்தது. எறும்பு, ஈசல், தலைமுடி, காற்றில் வந்த வேப்பம்பூ எல்லாம் கடலில் விழுந்து கரையேற முடியாமல் கிடந்தன. ஹஸினாவின் டிராயிங் நோட்டு அட்டை அதில் ஒட்டிக் கிழிந்தது. பல்லி ஒன்று மாட்டி, வாலை விட்டுவிட்டு ஓடிப்போனது. காமில் தினமும் காலையில் எழுந்து விரலை வைத்துப் பார்த்துவிட்டு, காஞ்சிரும் என்று சொன்னான். ஜுலைகா, ஊர்க்கண்ணு பட்டுவிட்டது என்றாள். மர்ஜியா கொல்லையில் தகரத்துக்குப் பின்னால் நின்று சோறு வடித்தாள். சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

இருபத்திரண்டாம் நாள் சாயங்காலம் அஸர் தொழுகைக்கு காமில் பள்ளிவாசல் போயிருந்த நேரம், அவன் போன் அடித்தது. அப்துல் மஜீது. இதே ஊர்க்காரர், கத்தாரில் இவனோடு ஒரே கம்பெனி, ஒரே ரூம். மர்ஜியா எடுத்து நலம் விசாரித்துவிட்டு, கையோடு மேடைக் கதையையும் சொன்னாள். அங்கே இப்படி ஒட்டினால் உங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள், நீங்களாவது சொல்லுங்கள் அண்ணே என்றாள்.

மஜீது ஆச்சரியமாகக் கேட்டார்.

"காமிலா கலக்குனான்? அவன் கிரைண்டிங்லதாம்மா இருக்கான். தரையத் தேய்ச்சுக் குடுத்துட்டு அடுத்த சைட்டுக்குப் போயிருவான். கலக்குறது, ஊத்துறதெல்லாம் எங்க குரூப்பு. நாங்க வர்றப்ப அவன் அங்க இருக்கவே மாட்டான்."

பேசி முடித்ததும் மர்ஜியா தன் போனை எடுத்துப் பார்த்தாள். கல்யாணமாகி ஒன்பது வருடம். ஒன்பது வருடமும் வந்த போட்டோக்கள் அவள் போனில் இருந்தன. அக்கம்பக்கத்தில் எத்தனை பேரிடம் அவற்றைக் காட்டியிருக்கிறாள். எங்க வூட்டுக்காரர் போட்ட தரை என்று சொல்லிச் சொல்லிக் காட்டியிருக்கிறாள். அவன் வந்ததும் டீயைக் கொடுத்து, குடித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்காமல் கேட்டுவிட்டாள்.

"நீங்க கலக்குனதே இல்லியாமே?"

காமில் டம்ளரைக் கீழே வைத்தான். யார் சொன்னது என்று கேட்கவில்லை. போட்டோவெல்லாம் மஜீது அனுப்பியது என்று மெல்லச் சொன்னான். தேய்த்த தரை வெறும் சிமெண்டாகச் சாம்பல் பூத்துக்கிடக்கும், அதை எப்படிப் போட்டோ எடுத்து அனுப்புவது என்றான். சொல்லிவிட்டு எழுந்துபோய், மேடை ஓரத்தில் ஒட்டிக்கிடந்த வேப்பம்பூ ஒன்றைப் பிய்க்கப் பார்த்தான்.

"நான் தேய்க்கலேன்னா அது ஒட்டவே ஒட்டாது மர்ஜி. ஆனா ஊத்தி முடிச்ச தரைய ஒரு தடவகூட நான் நேர்ல பாத்ததில்ல."

அவளுக்கு அவன்மேல் இரக்கமாகத்தான் இருந்தது. அதைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது.

"இத மொத நாளே சொல்லியிருந்தீங்கன்னா, ரெண்டு பேருமா ஒக்காந்து அந்தப் பேப்பரப் படிச்சிருக்கலாம்ல?"

பேப்பரை அவளே தேடி எடுத்தாள். பெட்டி அட்டைக்குள் மடங்கி, பொடிப்பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. பிளஸ் டூ வரை படித்த படிப்பை வைத்துக்கொண்டு, புரியாத சொல்லைப் போனில் போட்டுப் பார்த்து, ஒன்றரை மணிநேரம் படித்தாள். அளவை ஒருபோதும் மாற்றக்கூடாது. வெயில் ஏறிய பிறகு ஊற்றக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும். ஒட்டுகிற ரெசின் எத்தனை நாளானாலும் இறுகாது, முழுக்கச் சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. ஒவ்வொன்றாக அவள் படித்துச் சொல்ல, காமில் தரையைப் பார்த்தபடி தலையாட்டினான். அவன் செய்த தப்பு எல்லாமே நாலு வரிக்குள் எழுதியிருந்தது.

சுரண்ட ஐந்து நாள் ஆனது. சூட்டுத் துப்பாக்கியால் இளக்கி, தகடு வைத்து வழித்து, பெயிண்டு கரைக்கிற தின்னர் போட்டுத் துடைத்து, மறுபடி கிரைண்டர் போட்டான். அவள் பக்கத்தில் நின்று வழித்ததை முறத்தில் வாங்கிப் போட்டாள். அவன் தேய்ப்பதை முதல்தடவையாக நிதானமாகப் பார்த்தாள். கை ஒரே சீராகப் போய்வந்தது. ஓரத்தைத் தொடும்போது மட்டும் மூச்சை நிறுத்திக்கொண்டான்.

மூன்றாம் முறை ரெசினும் ஹார்டனரும் வந்துசேர முப்பத்தேழாம் நாளாகிவிட்டது. இதுவும் சரியாக வராவிட்டால் மறுநாளே அரியலூர்க் கடைக்கு போன் போடுவேன் என்று மர்ஜியா சொல்லிவிட்டாள். கலரையும் அவளே தீர்மானித்தாள். கறுப்புப் பொடி, அதில் கொஞ்சம் பொன்னிறம்.

"இது கிரானைட் மாதிரியில்ல இருக்கும்?" என்றான் காமில்.

"ஆமா," என்றாள்.

முப்பத்தெட்டாம் நாள் விடியற்காலை பஜ்ர் தொழுத கையோடு ஆரம்பித்தார்கள். காற்று குளிர்ச்சியாக இருந்தது. மாவுக்குத் தண்ணீர் அளந்து பழகிய கையால் அவள் பெரிய கேனிலிருந்து இரண்டு பங்கு, சின்ன கேனிலிருந்து ஒரு பங்கு என்று கோடு பார்த்து அளந்தாள். அவன் கடிகாரம் பார்த்து ஐந்து நிமிடம் கலக்கினான். ஒரு டப்பா ஊற்றிய பிறகுதான் அடுத்தது. எட்டு டப்பா. ஜுலைகா வாசலில் வந்து நின்று கலர் பற்றிப் பேச ஆரம்பித்தபோது, மாமி, கொஞ்சநேரம் பேசாம இருங்க என்றாள் மர்ஜியா. கல்யாணமாகி வந்ததிலிருந்து மாமியாரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல்தடவை. ஜுலைகா போய் அந்த நீலக் கல்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

கடைசி டப்பாவை காமிலிடம் விட்டுவிட்டுக் கைகழுவப் போனவள் திரும்பி வந்து பார்த்தபோது, சிங்க் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் கிடந்தது. காமில் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றான். வழித்து எடுக்க நேரமில்லை. விட்டுவிட்டாள்.

மறுநாள் இறுகியது. விரலால் தட்டினால் கண்ணாடிச் சத்தம். காமில் குனிந்து பக்கவாட்டில் பார்த்தான், எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தான், முகத்தை அதில் பார்த்தான். பள்ளிவாசலில் பார்த்த நாலு பேரைக் கூட்டிவந்து காட்டினான்.

ஆனால் ஏழு நாளைக்கு அடுப்போ பாத்திரமோ வைக்கக்கூடாது என்றும் அதே பேப்பரில் இருந்தது. மர்ஜியா எண்ணிப் பார்த்தாள். அவனுக்கு நாற்பத்துநான்காம் நாள் சாயங்காலம் ஃபிளைட். அவன் இருக்கிற மிச்ச நாளெல்லாம் கொல்லையில்தான் சமையல். இதற்கு யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை. நடுவில் ஒருநாள் திருச்சி போய் ஹஸினாவுக்குக் கண்ணாடி வாங்கினார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் மூன்று பேருமே தூங்கிவிட்டார்கள். லீவில் சேர்ந்து வெளியே போனது அது ஒன்றுதான்.

அவன் போன மறுநாள் அடுப்பு உள்ளே வந்தது. காலையில் பன்னிரண்டு வீட்டு இடியாப்பத்தையும் அவித்து முடித்து, இருந்த அவசரத்தில், கொதிக்கிற இட்லிப்பானையைத் தூக்கி மர்ஜியா மேடையில் வைத்தாள். வைத்த கணமே ஞாபகம் வந்து எடுத்தாள். அதற்குள் வட்டமாக, வெளுத்து, ஒரு தடம் விழுந்துவிட்டது. துணியால் தேய்த்தாள். போகவில்லை. சூடான பாத்திரம் வைக்கக்கூடாது என்பதும் பேப்பரில் இருந்தது. படித்துச் சொன்னவளே அவள்தான்.

ஒன்பது மணிக்கு காமில் வீடியோ காலில் வந்தான். ரூமில் மஜீதும் மற்ற ஆட்களும் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்கள். சாப்பிட்டாயா, ஹஸினா கண்ணாடி போட்டுக்கொண்டாளா, ஒன்றும் கேட்கவில்லை. மேடையைக் காட்டு, இவங்க பாக்கணுமாம் என்றான். மர்ஜியா தட்டு ஒன்றை எடுத்துத் தடத்தின்மேல் வைத்துவிட்டு போனைத் திருப்பினாள். ரூமில் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். மஜீது, கம்பெனி வேலையைவிட நல்லா வந்திருக்கே என்றார்.

"அந்தத் தட்டக் கொஞ்சம் எடு," என்றான் காமில். "முழுசாத் தெரியட்டும்."

எடுத்தாள். எடுக்காமல் என்ன செய்வது. வெளுத்த வட்டம் திரையில் பளிச்சென்று தெரிந்தது. திட்டுவான் என்று நினைத்து, பதிலுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அவள் வாய்க்குள் அடுக்கிவைத்துக்கொண்டாள். அவன் திட்டவில்லை. அவன் முகம் பெரிதாகத் திரைக்குப் பக்கத்தில் வந்தது.

"பரவால்ல மர்ஜி. அடுத்த லீவுல மேலாக்க ஒரு தேய் தேய்ச்சு, புதுசா ஒரு கோட்டு ஊத்திட்டா..."

இடியாப்பம் ஆறுகிறது, பொட்டலம் கட்ட வேண்டும் என்று சொல்லி மர்ஜியா போனை மேடைமேல் கவிழ்த்து வைத்தாள். வீடியோ காலை நிறுத்தவில்லை. எந்த நம்பர் உப்புக்காகிதத்தில் தேய்க்க ஆரம்பித்து எந்த நம்பரில் முடிப்பது என்று அவன் குரல் மேடையோடு பேசிக்கொண்டே இருந்தது. அவள் வாழையிலையை இழுத்துவைத்துக் கிழிக்க ஆரம்பித்தாள்.