றஸ்மியின் மீட்டர்

பக்கத்து வீட்டு ஹிஷாம் காக்கா ஒரு மீட்டரை வைத்து இன்னொரு மீட்டரை அளந்துகொண்டிருந்தார். தொலைபேசிக் கந்தோரில் வேலை பார்த்துப் பென்சன் எடுத்தவர். வோல்ட் பார்க்கிற அந்தக் கைமீட்டர்கள் நாலைந்து அவர் மேசையில் எப்போதும் கிடக்கும். எங்கள் கல்முனைக்குடியில் வீடு பெண்ணுக்குச் சீதனம். மாப்பிள்ளை வந்து குடியேறுபவர். காக்காவின் மனைவி பஸ்லியா மௌத்தாகிப் போன பிறகு வீடு கட்டாரில் இருக்கும் மகள் சுல்பிகாவுக்கு. அவள் வீட்டை வாடகைக்குக் கொடுக்கப்போகிறாள். வாப்பா, அதாவது காக்கா, சாய்ந்தமருதில் மாமி வீட்டுக்குப் போய் இருக்க வேண்டுமாம். காக்கா போனை லவுட்ஸ்பீக்கரில் போட்டுத்தான் மகளோடு கதைப்பார். நான் ஒட்டுக் கேட்டதாக யாரும் சொல்ல முடியாது.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு வீடு பார்க்க றஸ்மி வந்தான், வயரிங் வேலை செய்பவன். காய்ந்த சேர்ட்டையே மறுபடி காயப்போட நானும் மதிலடிக்குப் போனேன்.

காக்கா அவனுடைய மீட்டரைக் கேட்டு வாங்கினார். ஒன்பது வோல்ட் பற்றரியைப் பெரிய ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக அதில் கொடுத்தார். நாலரைதான் காட்டியது.

"பற்றரி செத்துட்டா காக்கா?"

"பற்றரி நல்லம் மகன். ஒங்கட மீட்டர் உறிஞ்சிறதாலதான் பாதி வழியிலயே விழுந்துட்டு. அளக்கிற சாமானும் கொஞ்சம் குடிக்கும்."

பிறகு பற்றரியைக் கழற்றிவிட்டு வெறும் ரெசிஸ்டரை மட்டும் வைத்தார். அப்போதும் ஏதோ ஒரு சின்ன எண் நின்றது.

"இது எங்கால வருது?"

"மீட்டருக்குள்ள இருந்தே கசியிது. ஒண்டுமில்லாட்டியும் அது பாட்டுக்கு எதையாச்சும் காட்டிக்கிட்டிருக்கும்."

றஸ்மி அறைகளையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "நீங்க எங்க காக்கா போற?" என்றான்.

காக்கா மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இந்த முன்னறை ஒங்களுக்குத் தேவைப்படுமா மகன்?"

"பொண்டாட்டிட்டக் கேட்டுப் பாக்கணும்."

"ஓம், கேளுங்க. மீட்டர் இரிக்கட்டும், வடிவாச் சோதிக்கணும். மறுகா வந்து எடுங்க."

சோதித்து முடிந்தது எனக்குத் தெரியும். கண்ணால் பார்த்தவள் நான்.

நேற்று றஸ்மி காக்காவுக்குப் போன் எடுத்தான். "மீட்டர யாரிட்டயாச்சும் குடுத்து விடுங்க காக்கா."

"இன்னும் முடியல்ல மகன். ஆறுதலா வாங்க. நேர்ல வாங்க."

முன்னறையைப் பற்றி அவனும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

அந்த மீட்டர் கொஞ்ச நேரம் சும்மா கிடந்தால் பீப் என்று கத்தி அணைந்துவிடும். இன்றும் அது அணைவதும் காக்கா பித்தானை அழுத்தி எழுப்புவதுமாகப் பொழுது இறங்கி மஃரிபாகிவிட்டது. நான் சேர்ட்டைக் கொடியிலிருந்து எடுத்துப் பலமாக உதறினேன்.

சத்தம் கேட்டு அவர் கேற்றைப் பார்த்தார்.