களாப்பழக் கேக்

முனிரத்தினத்தின் ரொட்டிக்கடையில் முதல் தட்டுக் கேக் சாயங்காலம் நாலு மணிக்கு அடுப்பை விட்டு வெளியே வரும். அதில் ஓரமாக உடைந்துபோன துண்டு எதுவோ, அது அவர் மனைவி மங்கம்மாவுக்கு. கடைக்குப் பின்னால்தான் வீடு. வாசனை எட்டியதும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வருவாள். மாவு மூட்டைமேல் உட்கார்ந்து நிதானமாகத் தின்பாள். தின்றுவிட்டு, "இன்னிக்கு ஏலக்காய் தூக்கலு" என்றோ, "நெருப்பு பத்தல" என்றோ ஒரு வார்த்தை சொல்வாள். மறுநாள் முனிரத்தினம் அதைச் சரிசெய்துவிடுவார். உத்திரமேரூர் பஜாரில் இருபத்திரண்டு வருஷமாக அவர் கேக்குக்கு இருந்த நல்ல பெயரில் பாதி அந்த ஒற்றை வார்த்தையால் வந்தது. அது அவருக்குத் தெரியும். வெளியில் சொன்னதில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம் சித்திரையில் மங்கம்மாவின் காலில் வந்த ஒரு புண் ஆறாமல் கிடந்தது. காஞ்சிபுரத்துக்குக் கூட்டிப்போனார். டாக்டர் அவள் சிறுநீரை ஒரு நீல மருந்தில் விட்டுக் காய்ச்சச் சொன்னார். கண்ணாடிக் குழாயில் நீலம் போய் செங்கல் நிறம் வந்தது.

"நீலமாவே இருந்தா நல்லது. பச்சைன்னாகூடப் பரவாயில்ல. இது செங்கல்லா இருக்கே. சர்க்கரை வியாதிம்மா," என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்தார். சோற்றைக் குறைக்கச் சொன்னார். இனிப்பு வாசலையே மிதிக்கக் கூடாது என்றார்.

மறுநாளிலிருந்து நாலு மணிக்கு அடுப்பங்கொட்டகைக்கு மங்கம்மா வரவில்லை. பின்கட்டில் உட்கார்ந்து கேழ்வரகு புடைப்பாள், துணி மடிப்பாள், கதவை மட்டும் சாத்தியே வைத்திருப்பாள்.

முனிரத்தினம் தனக்குத் தெரிந்த வகையில் அவளுக்கு ஒத்தாசை செய்தார். அவளை முதலில் சாப்பிடச் சொல்லிவிட்டு, அவள் எழுந்துபோன பிறகு தன் சோற்றைப் போட்டுக்கொண்டார். காபியைக் கடையிலேயே குடித்தார். சர்க்கரை டப்பாவை வீட்டிலிருந்து எடுத்துக் கடையில் வைத்தார். கண்ணில் படாவிட்டால் ஆசை வராது என்று நினைத்தார். புண் ஆறியது. ஆனால் வீட்டில் பேச்சு குறைந்துகொண்டே போனது.

ஆனி மாதம் பிறந்தது. மானாம்பதிப் பக்கத்திலிருந்து பாஞ்சாலி களாப்பழம் கொண்டுவந்தாள். பாஞ்சாலி கூலி வேலைக்காரி. நடவு, களையெடுப்பு இல்லாத நாட்களில் புதர்க்காட்டில் பழம் பொறுக்கி, பஸ் ஸ்டாண்டில் கிளாஸால் அளந்து விற்பாள். விற்று முடிந்ததும் முனிரத்தினம் கடையில் ஒரு பன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவாள். அன்றைக்கு மழை தூறியதால் பழம் பாதி மிஞ்சிவிட்டது. கடைக்கு வெளியே கூரை நிழலில் கூடையை வைத்துக்கொண்டு நின்றாள். முனிரத்தினம் எட்டி ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டார். நன்றாகக் கறுத்த பழம். கொஞ்சம் பாலாக ஒட்டியது, பிறகு தித்தித்தது.

"பாஞ்சாலி, இத்துல சர்க்கரை கிர்க்கரை தூவினியா?"

"இன்னா மொதலாளி, செடியில காச்சதுக்கு நான் எங்க போயி சர்க்கரை தூவறது?"

முனிரத்தினம் இன்னொரு பழத்தைத் தின்றார். அடுப்பில் கிடந்த ரொட்டியை ஒரு நிமிஷம் மறந்து அங்கேயே நின்றார். பிறகு மிஞ்சிய பழம் முழுவதையும் தன் கூடைக்கு மாற்றிக் கொட்டச் சொன்னார்.

அடுத்த நாள் காலை அவர் செய்ததை அனுபவப்பட்ட ரொட்டிக்காரர் யாரும் செய்யமாட்டார். மைதாவைத் தொடவில்லை. கேழ்வரகு மாவும் கோதுமை மாவும் பாதிப்பாதி எடுத்தார். முட்டை உடைத்து ஊற்றினார். பழத்தைப் பிளந்து விதை நீக்கி, கையால் பிசைந்து சேர்த்தார். விதை எடுத்ததில் விரலெல்லாம் ஊதா. சர்க்கரையும் இல்லை, வெல்லமும் இல்லை. கேழ்வரகு எழும்பாதே என்று பயந்து ஆப்பசோடாவைத் தாராளமாகப் போட்டார். நெருப்பு அடங்கிய அடுப்பில் தட்டைத் தள்ளிவிட்டுக் காத்திருந்தார்.

வெளியே வந்த கேக் பச்சையாக இருந்தது. தண்ணீர்த் தொட்டிச் சுவரில் படியும் பாசி மாதிரி ஒரு பச்சை. அடி வேறு தீய்ந்திருந்தது.

தீய்ந்த வாசனை பின்கட்டுக்குப் போயிருக்க வேண்டும். கதவு திறந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு மங்கம்மா அடுப்பங்கொட்டகைக்குள் வந்து நின்றாள்.

"இன்னா இது?"

"கேக்கு."

அவள் குனிந்து பார்த்தாள். முனிரத்தினத்தின் ஊதாக் கையைப் பார்த்தாள். "பச்சைன்னா பரவாயில்லன்னுதான டாக்டர் சொன்னாரு?" என்றாள். சொன்னவளே சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. முனிரத்தினமும் சிரித்தார்.

"சரி, யாருக்கு இது?"

"உனக்குத்தான் மங்கா. சர்க்கரை போடல. வெறும் கிளாப்பழம், கேவுரு மாவு."

அவள் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "எனக்குன்னு தனியா ஒண்ணும் வோணாம். எல்லாந்தான் தனியா கீதே, இது ஒண்ணுதான் கொறச்சலா?" என்றாள். கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

முனிரத்தினம் அந்தப் பச்சைக் கேக்கைக் கோழிக்குப் போட்டுவிட்டு, மாவு மூட்டைமேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எல்லாந்தான் தனியா கீதே. தனியாக என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாக யோசித்தார். தட்டு, காபி, சாப்பிடும் நேரம். கடைசியாக அவளோடு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது என்று நினைத்துப் பார்த்தார். காஞ்சிபுரம் போவதற்கு முந்தின நாள். அவருக்குச் சுருக்கென்றது. அவர் ஒத்தாசை என்று செய்ததெல்லாம் அவளை ஒரு மூலையில் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறது.

மதியம் அவள் தனக்குக் களியும் கீரையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தட்டை நீட்டினார்.

"உங்க சோறு உறியில கீது," என்றாள் மங்கம்மா.

"களியே போடு."

"உங்களுக்கு இன்னா தலையெழுத்தா?"

"ஒரே வூட்ல ரெண்டு சமையலு எதுக்கு? நானும் இளைக்கணும்னுதான் பாக்கறேன்."

அவள் ஒரு உருண்டை வைத்தாள். முனிரத்தினத்துக்குக் களி தொண்டையில் சிரமப்பட்டுத்தான் இறங்கியது. இரண்டாவது உருண்டையையும் கேட்டு வாங்கிக்கொண்டார். மறுநாளும் அப்படியே சாப்பிட்டார்கள். மூன்றாம் நாள், அவள் கீரையைத் தள்ளி வைத்துக்கொண்டே, "அந்தப் பச்சைக்கு எவ்ளோ சோடா போட்டீங்க?" என்றாள்.

"கொஞ்சம் கைதவறித்தான்..."

"அதான் பச்சையாப் பூடுச்சி. பழத்துல புளிப்பும் இல்ல. நல்லாக் கறுத்ததா பாத்துப் போட்டிருப்பீங்க."

"ஆமா, தித்திக்கட்டும்னுதான்."

"சோடாவுக்கு ஈடா புளிப்பு வோணுமே," என்றாள். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்பது போல நிறுத்தி, "அந்தப் பழக்காரிய வரச்சொல்லுங்க," என்றாள்.

புளிப்புப் பழமும் வேண்டும் என்று பாஞ்சாலியிடம் சொன்னபோது அவள் வேறு யோசனை சொன்னாள். "செங்காய நான் பறிக்கறதே இல்ல மொதலாளி, யாரும் வாங்கமாட்டாங்க. வோணும்னா நீங்களே வந்து பாருங்க. எது எவ்ளோ புளிப்புன்னு எனக்கு இன்னா தெரியும், உங்க கணக்குக்கு?"

முனிரத்தினம் கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு அவளோடு போனார். மானாம்பதி ஏரிக்கரையைத் தாண்டிச் செம்மண் மேட்டில் புதர்க்காடு. களாச்செடி இடுப்பளவுதான், ஆனால் ஒவ்வொரு கணுவிலும் இரட்டை முள். ரொட்டி அடுப்பின் அனலுக்குப் பழகிய மனிதர், வெயிலில் பத்து அடி போவதற்குள் வேட்டியை மூன்று இடத்தில் கிழித்துக்கொண்டார்.

"நேரா கையை வுடாதீங்க மொதலாளி. கிளையைத் தூக்கிப் புடிச்சிக்கினு, அடிப்பக்கமா பறிங்க," என்று பாஞ்சாலி கத்தினாள்.

காம்பு ஒடிந்த இடத்தில் பால் வடிந்து விரலோடு விரல் ஒட்டிக்கொண்டது. கறுப்பு, கருஞ்சிவப்பு, இளஞ்சிவப்பு என்று ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்தார். இளஞ்சிவப்பில் பல் கூசும் புளிப்பு. முள் குத்திய கட்டை விரலைச் சூப்பிக்கொண்டே, கறுத்ததில் மூன்று பங்கு, செங்காயில் ஒரு பங்கு என்று கூடையில் பிரித்துக்கொண்டார். ஒரு புதரடியில் இருவரும் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபோது பாஞ்சாலி கேட்டாள்: "அம்மாவுக்கு ரொம்ப முடியலியா?"

"ஒடம்பு தேறிட்டுது. மனசுதான்."

"அப்ப சீக்கிரம் போலாம், பழம் கொழகொழத்துப் பூடும்," என்று அவள் எழுந்துவிட்டாள்.

கடை வாசலில் கூடையை இறக்கிவிட்டு, பாஞ்சாலி வழக்கம்போல் வெளியிலேயே நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் கடைப்பலகையைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. யாரும் கூப்பிட்டதுமில்லை. மங்கம்மா உள்ளேயிருந்து, "அங்க இன்னா நிக்கற? உள்ள வா, வெதை எடுக்க ஆளு வோணும்," என்றாள். பாஞ்சாலி முனிரத்தினத்தின் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

மூன்று பேரும் உட்கார்ந்து விதை எடுத்தார்கள். மங்கம்மா கேழ்வரகு மாவை முதலில் வெறும் சட்டியில் வாசனை வரும்வரை வறுத்தாள். வேர்க்கடலையைத் தோல் நீக்கி இடித்துப் போட்டாள். சோடாவை அவளே இரண்டு விரலால் கிள்ளிப் போட்டாள். முனிரத்தினம் அடுப்பைப் பார்த்துக்கொண்டார். அது அவர் வேலை.

இந்தத் தடவை கேக் செம்மண் நிறத்தில் வந்தது. மைதாக் கேக் போலப் பொங்கவில்லை. ஆனால் நடுவில் லேசாக மேடுதட்டி, வெடித்த இடங்களில் பழம் கறுத்துப் பளபளத்தது. ஆறும்வரைகூடக் காத்திராமல் முனிரத்தினம் ஓரத்தில் ஒரு துண்டு உடைத்து மங்கம்மாவிடம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "மூணா ஒடைங்க," என்றாள்.

மூன்றாக உடைத்தார். பாஞ்சாலி ஊதி ஊதித் தின்றாள். முனிரத்தினத்துக்கு முதலில் மாவு நாக்கில் நெருடியது. மெல்ல மெல்ல அடியிலிருந்து ஒரு தித்திப்பு, பின்னாலேயே புளிப்பு. நன்றாக இருக்கிறதா இல்லையா என்று அவரால் சொல்ல முடியவில்லை. அவர் மங்கம்மாவைப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். விழுங்கினாள்.

"உப்பு பத்தல," என்றாள்.

முனிரத்தினம் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணில் நின்ற நீருக்குப் புகையைக் காரணம் சொல்லலாம்; ஆனால் அடுப்பில் அப்போது புகை இல்லை.

அடுத்த முறை காஞ்சிபுரம் போனபோது ஒரு துண்டைப் பொட்டலம் கட்டி டாக்டரிடம் காட்டினார்கள். அவர் முகர்ந்து பார்த்தார், என்னென்ன போட்டது என்று கேட்டார். "பழத்துலயும் சர்க்கரை உண்டு, மறந்துடாதீங்க. வாரத்துக்கு ரெண்டு நாள், உள்ளங்கை அளவு. அன்னிக்குக் களியில ஒரு உருண்டையைக் குறைச்சுக்கணும்," என்றார். அன்றைக்குக் குழாயில் மருந்து பச்சையோடு நின்றது. டாக்டர், "மாத்திரையும் பத்தியமும் வேலை செய்யுது," என்றார். மங்கம்மா அவர் எதிரிலேயே சிரித்ததற்குக் காரணம் அவருக்குப் புரியவில்லை.

கடையில் அந்தக் கேக்கை விற்கலாம் என்று முனிரத்தினம் சொன்னபோது மங்கம்மா ஒரு நிபந்தனை போட்டாள். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு என்று அட்டை எழுதி வைக்கக் கூடாது. மற்றக் கேக்குகளோடு சேர்ந்துதான் இருக்க வேண்டும். அப்படியே வைத்தார்கள். முதல் வாரம் அந்தத் தட்டில் ஈ ஓட்டவேண்டியிருந்தது. பிறகு தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் புளிப்புக்காகவே கேட்டு வாங்க ஆரம்பித்தார். அவரைப் பார்த்து இரண்டு மூன்று பேர். பெரிய வியாபாரம் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் தட்டு மிஞ்சவில்லை.

ஆவணியில் பழம் அருகிவிட்டது. கடைசிப் பறிப்புக்கு மங்கம்மாவும் கிளம்பினாள். காலில் செருப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு, முள் குத்தாதபடி பார்த்துப் பார்த்து நடந்தாள். செடிகள் கிட்டத்தட்ட காலி. மூன்று பேர் தேடியும் ஒரு சொம்பு நிறையவில்லை.

"அவ்ளோதாம்மா. இனிமே மார்கழியில எலந்தப்பழந்தான்," என்றாள் பாஞ்சாலி.

"அது புளிப்பா, தித்திப்பா?"

"ரெண்டும் கீது. மரத்தைப் பொறுத்து."

மங்கம்மா சொம்பை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அப்ப வா, எந்த மரம்னு இப்பவே காட்டிடு," என்று மேட்டின் மறுபக்கம் இறங்கி நடந்தாள். முனிரத்தினம் முள்ளில் மாட்டிய வேட்டி நுனியை விடுவித்துக்கொண்டு பின்னாலேயே போனார்.