வண்டிக்காரனுக்கு ஒரு நிமிடம்

நோட்டீசைத் தேவநாதன் மூன்று தடவை படித்தார். முதலில் எழுத்தைக் கூட்டி முடிக்க, அடுத்து அர்த்தம் பிடிபட, கடைசியாக எந்த வரியில் ஏமாற்று வேலை ஒளிந்திருக்கிறது என்று பார்க்க. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எழுத்துக் கற்றுக்கொண்டவர் அவர். அதற்கு முன்னால் கைநாட்டு வைத்த ஒரு காகிதம் அரைக்காணி நிலத்தைக் கொண்டுபோயிருந்தது. அன்றிலிருந்து அச்சடித்த எதையும் அவர் ஒரே தடவையில் நம்புவதில்லை.

மறைந்த நாகசுர மேதை புவனகிரி கனகசபேசனுக்கு முதலாண்டுப் புகழஞ்சலிக் கச்சேரி. சிதம்பரம் மேல வீதியில் கல்யாண மண்டபம், ஞாயிறு மாலை ஐந்து மணி. இதுவரைக்கும் சரி. கீழே சின்ன எழுத்தில் இருந்த வரியில்தான் விரல் நின்றது. ‘அய்யாவின் வண்டிப் பாடம் புகழ் நெல்லிக்குப்பம் திருநாவுக்கரசு அவர்களுக்குப் பொன்னாடை.’

வண்டிப் பாடம் தேவநாதனுடையது.

முப்பது வருஷத்துக்கு முந்தைய மாசி மாதம். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு வண்டிகள் ஒரு மைல் தூரத்துக்கு நின்றன. பொழுது புலர்ந்தும் பனி விலகவில்லை. அந்த வரிசையில் மாட்டிக்கொண்ட அம்பாசிடர் காரிலிருந்து கனகசபேசன் இறங்கினார். கார் இப்போதைக்கு நகராது என்று தெரிந்ததும் மதகுக் கட்டையில் உட்கார்ந்து, உறையிலிருந்து நாகசுரத்தை எடுத்து வாசிக்கத் தொடங்கிவிட்டார். மதகுக்கு நேரே நின்றது தேவநாதன் ஓட்டிவந்த வண்டி. ராகத்தின் பேர் அவருக்குத் தெரியாது. ஆனால் அது மேடு ஏறுவது தெரிந்தது, உச்சியில் மூச்சு வாங்கி நிற்பது தெரிந்தது, இறங்குவதும் தெரிந்தது. முடித்துவிட்டு வித்துவான் சும்மா இருக்காமல், எப்படிய்யா இருக்கு என்று கேட்டார். கேட்டதால் தேவநாதன் சொன்னார். ஏறுவது அருமை, இறங்கும்போதுதான் அவசரப்படுகிறீர்கள். பாரவண்டிக்கு மேடு பயமில்லை, இறக்கம்தான் பயம். அங்கேதான் மாட்டை இழுத்துப் பிடிக்க வேண்டும்.

வித்துவான் அவரையும் மாடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். திரும்ப வாசித்தார். இந்தத் தடவை பிடித்துப் பிடித்து இறங்கினார். மடியிலிருந்து ஒரு வெற்றிலைச் சுருளை எடுத்துக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ஊரில் இதைச் சொன்னதுதான் தப்பு. கனகசபேசனுக்கே இவன் பாடம் சொன்னானாம் என்று சிரித்து, ‘வித்துவான்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். பார்த்த சாட்சி ஒருத்தர்தான். கரும்புக்கு உடையவரான திருநாவுக்கரசு. வண்டி ஏன் நகரவில்லை என்று பார்க்க டிவிஎஸ் வண்டியில் வந்தவர், தேவநாதனைத் திட்டிவிட்டுப் போனார். அவரிடம் போய் எனக்காகச் சாட்சி சொல்லுங்கள் என்று கேட்கத் தேவநாதனுக்கு மனசு வரவில்லை.

‘தானே’ புயலில் வீடும் மாடும் போன பிறகு, மனைவி தங்கம்மாளைக் கூட்டிக்கொண்டு அவர் கடலூர் முதுநகருக்கு வந்துவிட்டார். போகிற இடத்தை ஒருத்தரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இடம் தெரிந்தால் எவனாவது காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வருவான் என்று பயம். இங்கே மச்சான் பக்கிரியோடு உர குடோனில் மூட்டை தூக்குகிறார். ஊர் போனாலும் ‘வித்துவான்’ பேர் போகவில்லை. பக்கிரி அதைக் குடோனுக்கும் கொண்டுவந்து சேர்த்திருந்தான்.

நோட்டீசைக் காட்டியபோதும் பக்கிரி அசரவில்லை.

“திருடிட்டார்னே வச்சிக்க. இல்லாத மாட்ட எவன் மாமா திருடுவான்?”

“வந்து பாரு மச்சான். நாலு பேருக்கு மத்தியில அந்த ஆள கேக்குறேன்.”

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சிதம்பரம் பஸ் ஏறினார்கள். கேட்க வேண்டியதைத் தேவநாதன் மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தார். புதுச்சத்திரத்தில் அது பத்து வாக்கியமாக இருந்தது. வெள்ளாற்றுப் பாலம் வருவதற்குள் நாலாகக் குறைந்தது.

மண்டப வாசலில் மதுரா என்று மார்பில் அட்டை குத்திய ஒரு பெண் நோட்டை நீட்டி, பேரும் போன் நம்பரும் எழுதச் சொன்னாள். எதுக்கு என்று கேட்டார் தேவநாதன். அடுத்த கச்சேரிக்குத் தகவல் சொல்லத்தான் என்றாள். பாட்டுக் கேட்க வந்தவனின் பேரை வாங்கி வைப்பானேன்? யோசித்து, பக்கத்துக் குடோன் வாட்ச்மேன் பேரை, வைத்திலிங்கம் என்று ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினார். நம்பரில் கடைசி இரண்டு எண்ணை மாற்றினார். பக்கிரி பார்த்தும் பார்க்காதவன் போல உள்ளே போனான்.

பன்னீர் தெளித்தவளிடமிருந்து ஒதுங்கி, வெளியே போகிற வழிக்குப் பக்கத்துத் தூணோரமாகத் தேவநாதன் இடம் பிடித்தார். மேடையில் மாலை போட்ட பெரிய படம். படத்தில் கனகசபேசனின் பல்லில் வெற்றிலைக் கறையே இல்லை. அதையும் துடைத்துவிட்டார்கள். கறையைத் துடைத்தவர்களுக்கு ஒரு வண்டிக்காரனைத் துடைக்க எவ்வளவு நேரமாகும்?

மேடையில் திருநாவுக்கரசு உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, கையில் தடி. உடம்பு பாதியாகியிருந்தது. இருந்தாலும் உட்காருகிற தோரணை அதேதான்.

தலைமைச் சீடர் சூர்யநாராயணன் மைக்கைப் பிடித்தார். ஒரு ராகத்தைப் பாடம் நடத்தும்போதெல்லாம் அய்யா வண்டியை நினைத்துக்கொள் என்பாராம். எந்த வண்டி என்று கேட்டால் நெல்லிக்குப்பத்து வண்டி என்பாராம். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டாராம். விசாரித்து விசாரித்து இவரைக் கண்டுபிடித்தோம் என்று திருநாவுக்கரசைக் காட்டினார்.

பக்கிரியின் தலை மெல்லத் திரும்பியது. மச்சான் தன்னைச் சிரிக்காமல் பார்ப்பது தேவநாதனுக்குத் தெரிந்தது. அவர் திரும்பவில்லை. அவர் கண் மேடையில் இருந்தது. இதோ, பாடத்தை இப்போது விழுங்கப் போகிறான்.

திருநாவுக்கரசு தடியை ஊன்றி எழுந்தார்.

“அது நான் இல்லிங்க. நோட்டீஸ்ல தப்பா போட்டுட்டாங்க. எங்கிட்ட வண்டி ஓட்டுனவன், தேவநாதன்னு பேரு, அவன் சொன்னதுதான். வரிச நவுந்துடுச்சி, நீ என்னாடா கத பேசிக்கினு நிக்கிறன்னு நான் அவன ஏசிட்டேன். அய்யா சிரிச்சாரு. நான் சிரிக்கல.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

“இந்தப் பொன்னாட அவனுக்குச் சேர வேண்டியது. தேடிப் பாத்தேன். தானே புயல்ல செத்துட்டான்னு சொன்னாங்க.”

கூட்டத்தில் ‘ச்சு’ கொட்டினார்கள். சூர்யநாராயணன் மைக்கை வாங்கி, யாருக்கும் தெரியாமல் போன அந்த வண்டிக்காரருக்காகவும் ஒரு நிமிடம் எழுந்து நிற்போம் என்றார். முந்நூறு நாற்காலிகள் ஒன்றாகக் கிறீச்சிட்டன. எல்லாரும் நிற்கும்போது தான் மட்டும் உட்கார்ந்திருப்பது சந்தேகத்துக்கு இடமாகும் என்று தேவநாதனும் எழுந்தார். கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தார்.

பக்கிரி காதருகே சாய்ந்தான். “மாமா, ஒனக்குத்தான் நிக்கிறோம். நீயுமா நிக்கிற?”

“சும்மா இரு.”

“சொல்லு மாமா, நான்தான்னு.”

“நோட்டுல பேர மாத்தி எழுதிட்டேன்டா.”

பக்கிரி துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. முன்னால் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்து, பாவம், துக்கம் தாங்காதவன் என்று நினைத்திருப்பார்.

தேவநாதன் கொண்டுவந்த நாலு வாக்கியமும் உதவாமல் போயின. அதோடு புதிதாக ஒரு சந்தேகம் முளைத்தது. தேடியதாகச் சொல்கிறானே, நிஜமாகவே தேடினானா? செத்தவனுக்குப் பொன்னாடை போடுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறதே. அது யார் வீட்டுக்குப் போகும்? ஆனால் அந்த ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டது பொய்யாகத் தெரியவில்லை. பொய்யாகத் தெரியாததுதான் தேவநாதனை இன்னும் குழப்பியது.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். சூர்யநாராயணன் நாகசுரத்தை எடுத்தார். அய்யா வண்டியை நினைத்துக்கொள்ளச் சொன்ன அந்த ராகத்தை வாசிக்கிறேன் என்றார்.

முதல் மூச்சிலேயே தேவநாதனுக்குத் தெரிந்துவிட்டது, அதேதான். முப்பது வருஷம் கழித்து அதே மேடு. ராகம் சிரமப்பட்டு ஏறியது, ஒரு இடத்தில் சக்கரம் பின்னுக்கு வந்தது, மறுபடி ஏறியது. உச்சியில் நின்றது. தேவநாதன் மூச்சு விடவில்லை. பிறகு அது இறங்கியது. இறங்கிய வேகத்தில் பாரம் முழுதும் முன்னால் சரிந்து மாட்டின் கழுத்தில் ஏறியது.

அவர் கை தானாக மூக்கணாங்கயிற்றைத் தேடியது.

“புடி,” என்றார். யாருக்கும் கேட்கவில்லை. எழுந்தார். “மாட்ட புடிய்யா. எறக்கத்துல விட்டுட்ட.”

தவில் நின்றது. நாகசுரம் நின்றது. மண்டபம் முழுக்கத் திரும்பியது. இவ்வளவு நேரம் அவர் ஒவ்வொருத்தரையும் சந்தேகமாகப் பார்த்த மாதிரி இப்போது அவரை எல்லாரும் பார்த்தார்கள். மதுரா நோட்டோடு ஓடிவந்து, தாழ்ந்த குரலில், வைத்திலிங்கம் அய்யா, உக்காருங்க என்றாள். வாசலிலிருந்து இரண்டு பேர் அவரை நோக்கி வந்தார்கள்.

“அவரத் தொடாதீங்க,” என்றான் பக்கிரி. “எங்க மாமா. தேவநாதன். வண்டிக்காரரு அவருதான்.” சொன்னவன் முகத்தில் சிரிப்பில்லை.

மேடையில் திருநாவுக்கரசு, விளக்கு வெளிச்சத்தைக் கையால் மறைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“டேய், தேவநாதா? நீ செத்துட்டியேடா.”

“சொன்னவங்க சொன்னாங்க. நீங்க வந்து பாத்தீங்களா?”

முன்வரிசையில் யாரோ சிரிக்க, மண்டபமே சிரித்தது. திருநாவுக்கரசு சிரித்தாரா அழுதாரா என்று இங்கிருந்து சொல்ல முடியவில்லை. மேல வாடா என்று தடியை ஆட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, மேல வாப்பா என்று திருத்திக்கொண்டார்.

பக்கிரி முதுகில் கைவைத்துத் தள்ளித்தான் அவரை மேடைக்கு ஏற்ற வேண்டியிருந்தது. பொன்னாடையைப் போர்த்த வந்தார்கள். தேவநாதன் கையைக் காட்டி நிறுத்தினார். நாற்காலி போட்டார்கள். அதிலும் உட்காராமல், நாகசுரத்துக்கு நேரே மேடை விளிம்பில் குந்தினார். அன்றைக்கு வண்டியிலிருந்து மதகுக் கட்டை இருந்த தூரம்தான் இருக்கும்.

சூர்யநாராயணன் ஊதுகிற சீவாளியை நனைத்துக்கொண்டு மறுபடி ஏறினார். உச்சியில் நின்றார். இறங்கும்போது, கயிற்றைப் பிடிப்பதுபோல் அசைந்த தேவநாதனின் கையையே பார்த்துக்கொண்டு, பிடித்து, விட்டு, பிடித்து, கடைசிச் சக்கரம் சமதளத்தைத் தொடுகிற வரைக்கும் பிடித்து இறங்கினார். கூட்டம் கைதட்டியது. அவர் நாகசுரத்தை வாயிலிருந்து எடுத்தார்.

“இப்ப சரியா அய்யா?”

தேவநாதன் அவரையும் நாகசுரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னொருவாட்டி எறங்குங்க,” என்றார். “பாக்குறேன்.”