கூழ் ஊற்றிய பிரௌனி

குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் கம்பெனி. மற்றவர்கள் எழுதித் தருவதில் எது எங்கே உடையும் என்று தேடுவது என் வேலை. பதினோரு வருடமாக இதையே செய்து, வீட்டிலும் எனக்குக் குறைதான் முதலில் கண்ணில் படும். என் கணவர் மோகனைக் கேட்டால் பட்டியலே தருவார்.

அப்படிப்பட்ட நான் ஒரு பெரிய குறையை எழுபது நாள் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை காலையில், ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில் கரூரிலிருந்து அம்மா கேட்டபோதுதான் அது தெரிந்தது.

"கீழ் வீட்டு அக்கா சோறு குடுத்தனுப்பற தூக்குவாளிய, என்ன போட்டுத் திருப்பிக் குடுக்கறீங்க கண்ணு?"

நான் மோகனைப் பார்த்தேன். தினமும் வாளியைத் தேய்த்துக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர்தான்.

"பளபளன்னு தேச்சுக் குடுத்தேன்," என்றார் பெருமையாக.

"உள்ள?" என்றார் அம்மா.

"உள்ளயும்தான் தேச்சேன்."

போனில் அம்மா தலையில் அடித்துக்கொண்டது இங்கேயே கேட்டது. ஒரு கைப்பிடி சர்க்கரை, இரண்டு வாழைப்பழம், எதுவும் இல்லாவிட்டால் ஒரு கொத்து கறிவேப்பிலையாவது போட்டுத்தானே அடுத்த வீட்டுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள்? எழுபது நாள் வெறும் வாளி! எனக்குக் காது மடல் சுட்டது.

நசரத்பேட்டையில் வீரராகவன் அண்ணா வீட்டு மாடியில் நாங்கள் மூன்று வருடமாகக் குடியிருக்கிறோம். கீழே அண்ணாவும் தாட்சாயிணி அக்காவும். தலைமுறை தலைமுறையாக அங்கேயே பயிர் வைத்த குடும்பம். இப்போது அண்ணா ஒரு தொழிற்சாலையின் பஸ் ஓட்டுகிறார்; மிஞ்சியிருக்கும் துண்டு நிலத்தில் அக்கா கீரை போட்டு விற்கிறார்.

ஏப்ரலில் பெங்களூர் ரோட்டின் சர்வீஸ் சாலையில், மணலில் என் ஸ்கூட்டர் சறுக்கி வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். "நடை வந்துடும். தரையில சம்மணம் போட்டு உட்காருறது சந்தேகம்தான்," என்றார் டாக்டர். அப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் மோகனும் கீழ் வீட்டு இருவரும் நின்றிருந்தார்கள். பத்து நாள் இருந்துவிட்டு அம்மா ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. மோகனுக்கு ஷிப்ட் வேலை. அவர் சமைத்தால் சாப்பிடுகிறவருக்கும் ஆபரேஷன் தேவைப்படும்.

அம்மா கிளம்பிய அன்று மதியமே தூக்குவாளி மேலே வந்துவிட்டது. ரசம் சாதம், முருங்கைக்கீரைப் பொரியல், வாரம் இரண்டு தடவை ஆட்டுக்கால் சூப். சூப்பை நான் குடித்து முடிக்கும்வரை அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அங்கேயே நிற்பார். "இன்னா பிரியா, மருந்து குடிக்கற மாதிரி மூஞ்ச வெச்சிகினு கீற? முழுசா குடி."

மூஞ்சி அப்படி ஆனதற்குக் காரணம் சூப் அல்ல. போன வருட ஆடியில், எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிர்க் கம்பத்தில் கோயில்காரர்கள் குழாய் ஸ்பீக்கர் கட்டினார்கள். விடியற்காலை ஐந்தரைக்கு அம்மன் பாட்டு அலறியது. நான் விடுவிடுவென்று கீழே இறங்கிப்போய் அக்காவிடம் கேட்டேன்: "உங்க சாமிக்குக் காது கேக்காதாக்கா? இவ்வளவு சத்தமா கூப்பிடணுமா?" அதற்குப் பிறகு ஆறு மாதம் எங்களுக்குள் தண்ணீர் மோட்டாரைப் பற்றி மட்டும்தான் பேச்சு. அந்தக் கையால் வந்த சூப்பை நான் எப்படிச் சிரித்துக்கொண்டே குடிப்பேன்? ஒரு மன்னிப்பு, ஒரு நன்றி, இரண்டும் தொண்டைவரை வரும். வாளியைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடும்.

திங்கட்கிழமையிலிருந்து நான் மறுபடி ஆபீஸ் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். கால் நடந்தது, மடங்கத்தான் மறுத்தது. பிசியோதெரபியில் நாற்காலியில் உட்காரும் அளவுக்கு மடங்கும். அதற்கு மேல் பயந்து நானே நிறுத்திவிடுவேன். கடைசியாக வந்த தூக்குவாளி மூன்று நாளாக எங்கள் அடுப்படியில் இருந்தது. இன்றைக்கு அதை நிரப்பி, என் காலாலேயே படியிறங்கி, என் வாயாலேயே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

எனக்கு உருப்படியாக வருவது ஒன்றே ஒன்று, பிரௌனி. ஆபீஸில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் என்னிடம்தான் கேட்பார்கள். ஆட்டுக்கால் சூப் வைக்கும் அக்கா முட்டை சாப்பிட மாட்டாரா என்ன? நாலு முட்டை உடைத்து ஊற்றி, சாக்லேட்டும் வெண்ணெயும் உருக்கிக் கலந்து, ஓவனில் வைத்துச் சுட்டெடுத்தேன். மேலே மெல்லிசாக வெடித்து, உள்ளே ஈரமாக, சரியாக வந்தது. துண்டு போட்டு வாளியில் அடுக்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினேன்.

வாசலில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. பார்த்தேன். பார்த்தும் எதுவும் உறைக்கவில்லை.

அக்கா மஞ்சள் புடவையில், முகமெல்லாம் மஞ்சளாக, ஈரத்தலையோடு வந்தார். கோயிலில் பால்குடம் முடிந்து அப்போதுதான் திரும்பியிருக்கிறார். "ஐய! நீயே எறங்கி வந்துகினியா?" என்று வாளியை வாங்கித் திறந்தார். "இன்னா வாசன! கேக்கா? முட்ட போட்டுகீறியா?"

"நாலு முட்டைக்கா," என்றேன் பெருமையாக. உள்ளேயும் தேய்த்த மோகன் மாதிரியே.

அக்கா வாளியை மூடினார். அப்போதுதான் அவர் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு தெரிந்தது. "காப்பு கட்டிகீறேன்மா. செவ்வாக்கெழம அவுக்கறவரைக்கும் கவுச்சி, முட்ட ஒண்ணும் ஆவாது. நீ தப்பா நெனச்சிக்காத."

காப்பு கட்டிய வீட்டுக்குள், வேப்பிலையைத் தாண்டி, முட்டையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். எனக்கு அங்கேயே அழுகை வந்தது. அக்கா அதைப் பார்க்காத மாதிரி உள்ளே போய், வேறொரு தூக்குவாளி நிறையக் கூழ் கொண்டுவந்தார். "அம்மனுக்குப் படைச்ச கூழு. மோரு, வெங்காயம் இன்னும் கலக்கல. கெட்டியா கீது, கரைச்சிக் குடி."

இறங்கும்போது ஒரு வாளி. ஏறும்போது இரண்டு.

"செவ்வாக்கிழமை வரைக்கும் ஃப்ரிட்ஜ்ல வெச்சுக் குடுத்துடலாமே," என்றார் மோகன், ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டே.

"எழுபது நாள் பத்தலையா உங்களுக்கு? இன்னிக்கே குடுக்கறேன்," என்று கத்தினேன். கோபம் அவர் மேல் இல்லை. என் மேல் கத்த முடியாததால் அவர் மேல் கத்தினேன்.

முட்டை போடாத பிரௌனிக்குத் தயிர் வேண்டும். மோகன் தெருமுனை வரை போய்விட்டு வெறுங்கையோடு வந்தார். பால் பால்குடத்துக்குப் போய்விட்டது. தயிர் கூழுக்குப் போய்விட்டது. கடையில் மிச்சமிருந்தது ஊறுகாய்தான். நான் ஸ்டூலில் உட்கார்ந்து கூழ் வாளியை முறைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு விரலால் தொட்டு நக்கினேன். கேழ்வரகு. கெட்டி. இரவெல்லாம் புளித்த புளிப்பு. முட்டை மாவைப் பிடித்து வைப்பதுபோல் இந்தக் கெட்டியும் பிடிக்கும். புளிப்போடு சோடா உப்பு சேர்ந்தால் பொங்கும். தயிர் செய்கிற வேலைதானே?

"சாமிக்குப் படைச்சத சாக்லேட்ல கலக்கலாமா பிரியா?" என்றார் மோகன்.

"சாமி சாக்லேட் வேணாம்னு சொல்லுச்சா?" என்றேன். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான்.

ஓவனில் முட்டை வெந்திருக்கிறது, அது ஆகாது. பருப்பைத் தவிர வேறெதுவும் பார்க்காத குக்கரைப் புளி போட்டுத் தேய்த்தேன். அடியில் உப்பைக் கொட்டி, விசிலையும் ரப்பர் வளையத்தையும் கழற்றி வைத்துவிட்டுச் சூடாக்கினேன். கூழை வடிகட்டி நொய்யரிசியைத் தனியே எடுத்தேன். உருக்கிய சாக்லேட், வெண்ணெய், சர்க்கரை, கொஞ்சமாக மைதா, கடைசியில் கூழ். கூழிலேயே உப்பு இருந்தது. சோடாவைத் தூவியதும் கலவை நுரைத்து மூச்சு விட்டது. புது எவர்சில்வர் டப்பாவில் ஊற்றிக் குக்கருக்குள் இறக்கி வைத்து, அடுப்புக்கு எதிரிலேயே முக்கால் மணி நேரம் காவல் இருந்தேன். கால் விண்விண்ணென்று தெறித்தது. மோகன் திட்டினார், நானும் திட்டினேன்.

ஆறியதும் ஓரத்தில் ஒரு துண்டு நறுக்கி வாயில் போட்டேன். முதலில் சாக்லேட், பிறகு வறுத்த கேழ்வரகின் வாசனை, எல்லாம் முடிந்தபின் நாக்கின் நுனியில் ஒரு சின்னப் புளிப்பு. குறை தேடிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

கூழ் வந்த வாளியைக் கழுவித் துடைத்து, அதில் அடுக்கிக்கொண்டு மறுபடி இறங்கினேன். மணி நாலு. எதிர்க் கம்பத்து ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு முழங்கிக்கொண்டிருந்தது. அக்கா கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கால் இரண்டையும் ஒரு டப்புத் தண்ணீரில் வைத்திருந்தார். அண்ணா கீழே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"இதுல முட்டை இல்லக்கா. முட்டை பட்ட பாத்திரம்கூட இல்ல. நீங்க குடுத்த கூழ்தான்."

"கூழா? இதுலயா?" அக்கா திறந்து பார்த்தார். ஒரு துண்டை எடுத்து, முதலில் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். சாக்லேட் கேக்கை யாரும் கண்ணில் ஒற்றிக்கொண்டு நான் பார்த்ததில்லை. பிறகு வாயில் போட்டு மென்றார். மென்றுகொண்டே இருந்தார். "யோவ், இந்தா துண்ணு பாரு. கூழ வெச்சி இன்னா வேல பண்ணிகீது பாரு இந்தப் பொண்ணு!"

நான் எதையோ சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கால் கண்ணில் பட்டுவிட்டது. இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். எனக்கு நன்றிக்குப் பதிலாகக் கோபம் வந்தது.

"ஏங்க்கா இப்படிப் பண்றீங்க? இந்த வெயில்ல, தார் ரோட்டுல, செருப்பில்லாம குடம் தூக்கிட்டு! அப்படி என்ன தலைபோற வேண்டுதல்?"

அக்கா டப்பைப் பார்த்தார். அண்ணா பேப்பரை மடித்து, அக்காவைக் கைகாட்டினார்.

"எதுக்குன்னு உனக்குத் தெரியாதாம்மா? அன்னிக்கு ஆஸ்பத்திரில அந்த டாக்டரு, நீ தரைல உக்காரவே முடியாதுன்னாரே. இது ஊட்டுக்குக்கூட வரல. நேரா கோயிலுக்குப் போய் நின்னுச்சி. அந்தப் பொண்ணு தரைல குந்தி ஒரு வாய் துண்ணணும் தாயே, நான் காப்பு கட்டி பால்குடம் எடுக்கறேன்னு."

"யோவ்! வேண்டுதல வெளிய சொல்லுவாங்களா? வாய மூடு!" என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "இன்னும் மடங்கலன்னாலும் பரவால்லமா. நடக்குறியே, அது போதும்னு எடுத்துட்டேன்."

காலையில் நான் கொண்டுவந்த முட்டையை இவர் தொடாமல் வைத்தது எனக்காகக் கட்டிய காப்பினால். உங்கள் சாமிக்குக் காது கேட்காதா என்று கேட்டவளுக்காக, அந்தச் சாமியிடமே போய் நின்றிருக்கிறார். கொடியில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு டப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஈரமான ஒரு காலைத் தூக்கி என் மடியில் வைத்து, கொப்புளத்தில் படாமல் ஒற்றினேன். கண்ணீரும் சேர்ந்து விழுந்தது, அதையும் ஒற்றினேன்.

"ஐய, கால உடு! பால்குடம் எடுத்த காலும்மா, ஒரே மண்ணு..." என்று இழுக்கப்போன அக்கா சட்டென்று நின்றார். என் மடியைப் பார்த்தார். "பிரியா."

"பேசாதீங்கக்கா. போன வருஷம் நான் பேசின பேச்சுக்கு..."

"அத்த உடு. கீழ பாரு."

பார்த்தேன். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். இடது கால் முழுதாக மடங்கியிருந்தது. தகடு வைத்த வலது கால் முக்கால்வாசி மடங்கி, அக்காவின் பாதத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. பிறகுதான் வலி தெரிந்தது. நல்ல வலி.

"எழுந்திருக்காத, அப்படியே இரு," என்று அக்கா வாளியில் கைவிட்டு ஒரு துண்டை எடுத்து, குனிந்து என் வாயில் ஊட்டினார். "துண்ணு. தரைல குந்தி ஒரு வாய்னுதான் கேட்டுகினேன்."