கட் சொன்ன பிறகு

எங்கள் குறும்படம் விருதுக்கான கடைசி ஐந்தில் வந்துவிட்டது. மனித உறவைப் பற்றிய படமாம். சொல்லும்போதே எனக்கு வாய் கசக்கிறது. நான்தான் அதற்கு எடிட்டர்.

படத்தின் உயிர் ஒரே ஒரு ஷாட். போனை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாய் அழுவாள். நடித்தது டைரக்டரின் சொந்த அம்மா. கேமராவையே பார்த்திராதவர் எப்படி இப்படி அழுதார் என்று நடுவர்கள் உருகிப்போனார்கள். டைரக்டர் பூடகமாகச் சிரித்து வைப்பான்.

போன வாரம் அம்மாவை எடிட்டிங் அறைக்கு அழைத்து வந்து படத்தைப் போட்டுக் காட்டினான். முடிந்ததும் யாருக்கோ பேச வெளியே போனான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என் தங்கச்சி செத்த சேதி வந்தப்ப எடுத்தது தம்பி. சண்டை போட்டு வருஷக்கணக்கா பேசாமலே இருந்துட்டோம். போறதுக்குள்ள ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தின நாள்தான் அந்தச் சித்தி டைரக்டருக்குப் போன் செய்து வாழ்த்துச் சொன்னார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

வெளியே போய் அவனைப் பிடித்தேன். அழுகை வரவழைக்கச் சொன்ன பொய்யாம். அடக்கமே முடிந்துவிட்டது என்று வேறு சொல்லியிருக்கிறான். கட் சொன்னதும் அசிஸ்டென்ட் உண்மையைச் சொல்லிவிடுவான் என்று இவனும், பெற்ற மகனே சொல்லிக்கொள்ளட்டும் என்று அவனும் இருந்திருக்கிறார்கள். லைட்டைக் கழற்றி, கேபிளைச் சுருட்டி, எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். அம்மா வீட்டுக்குப் போய்த் துக்கம் காத்திருக்கிறார். விஷயம் புரிந்த பிறகும் இந்த மகராசன் வாய் திறக்கவில்லை.

"ரிசல்ட் வரட்டும்டா. இப்ப தெரிஞ்சா அம்மா விழாவுக்கே வரமாட்டாங்க" என்றான்.

நான் காறித் துப்பாததுதான் பாக்கி. உள்ளே போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். அவர் போனிலேயே தங்கையின் எண்ணைத் தேடி, அழுத்திக் கொடுத்தேன்.

"அக்கா... நீயா?" என்றது மறுமுனை.

அம்மா உடம்பு குலுங்க அழுதார். திரையில் நான் வெட்டி ஒட்டிய அழுகை இதன் கால்தூசிக்குப் பெறாது.

திரும்பிப் பார்த்தால், வாசலில் மகன் தன் போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருக்கிறான்.

நான் அவன் கையைத் தட்டிவிடப் போனேன். அதற்குள் அம்மா பார்த்துவிட்டார். தங்கைக்குக் கேட்காதபடி போனைப் பொத்திக்கொண்டார். கண்ணீரைத் துடைக்காமலே மகனிடம் கேட்டார். குரலில் துளி குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"நான் கொஞ்சம் வெளிச்சத்துக்கு வரணுமாப்பா?"