ஃப்ரீசரில் வைத்த ஊசி

காரமடையில் தெய்வாத்தாள் தோசை மாவு விற்கிறாள். வீட்டு ஃப்ரிட்ஜ் முழுக்க மாவுப் பாக்கெட்தான். புருஷன் ஆறுச்சாமிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. கோயம்புத்தூரில் டயாலிசிஸ் நடக்கிறது. தன் கிட்னியில் ஒன்றைக் கொடுப்பதாக அவள் சொன்னாள். டெஸ்டெல்லாம் பொருந்திவிட்டது.

ஆறுச்சாமிக்கு ரத்தம்தான் ஊறவில்லை. ஹீமோகுளோபின் ஏழிலேயே நின்றது. சட்டைப் பொத்தான் போடுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

"இரும்புச் சத்தும் ஏத்தியாச்சு, ரத்தம் ஊற ஊசியும் போட்டாச்சு. இன்னும் கொறஞ்சா வெளி ரத்தம்தான் ஏத்தணும்," என்றார் டாக்டர் கிருபாசங்கர்.

"ஏத்திப்போடுங்க சார். எங்க பங்காளிக வரிசையில வந்து நிப்பாங்க."

"அவசரப்படாதீங்கம்மா. அடுத்தவங்க ரத்தம் ஏத்துனா, அப்புறம் உங்க கிட்னிய அவரு ஒடம்பு சேத்துக்காமப் போகலாம். முடிஞ்சவரைக்கும் தள்ளிப் போடுவோம்."

வழக்கமாக பஸ்ஸில்தான் போவார்கள். அந்த வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு கதிர்வேல் காரில் கொண்டுபோய் விட்டான். ரத்தம் ஊறுவதற்கான ஊசியை அவர்களே வாங்கி வீட்டில் வைத்து, ஒவ்வொரு முறையும் எடுத்து வருவார்கள். நர்ஸ் யுவஸ்ரீ அந்த டப்பாவைத் திறந்து ஊசியைத் தூக்கிப் பார்த்தாள். மருந்து கட்டியாக இருந்தது.

"ஏனுங்கம்மா, இத எங்க வெச்சிருந்தீங்க?"

"ஃப்ரீசர்லதான் கண்ணு. கீழ பூரா மாவு. குளுச்சியில வெக்கச் சொன்னீங்கல்ல, நல்லாவே குளுந்து கெடக்கட்டும்னு..."

"ஒறஞ்சா மருந்து வீணாப்போயிருமுங்க. முன்னெல்லாம் பஸ்ஸுல வர்றதுக்குள்ள கரைஞ்சிருக்கு. எங்களுக்கும் தெரியல."

தெய்வாத்தாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்புள்ள, இத்தன நாளா எனக்குக் குச்சி ஐஸா போட்டுட்டு இருந்தே?" என்றார் ஆறுச்சாமி.

"பேசாதீங்க மாமா. மூச்சு வாங்குது."

வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜின் நடுத்தட்டைக் காலி செய்தாள். மிஞ்சிய மாவை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டாள். புதிதாக வாங்கிய ஊசிகள் மட்டும் அங்கே இருந்தன. அன்றிலிருந்து மாவு பாதிதான் ஆட்டினாள்.

"மாவு அதுக்குள்ள தீந்துபோச்சுங்களா அம்மணி? ஃப்ரிட்ஜ் நெறைய வெச்சிருப்பீங்களே?" என்றாள் எதிர்வீட்டு பங்காரம்மா.

"அதுல இப்ப வேற ஆளு குடியிருக்குதுங்க."

அடுத்த மாத டெஸ்டில் எட்டரை வந்தது.

"ரத்தம் ஏத்த வேண்டாம்," என்றார் டாக்டர்.

"அப்ப ஏங்கிட்னிய எடுத்துக்குவீங்களா சார்?"

"இன்னுங்கொஞ்சம் ஏறட்டும். தேதி சொல்றேன்."

மருந்துக் கடையில் அடுத்த ஊசிகளை வாங்கினாள். கடைக்காரர் ஐஸ் கட்டியோடு சேர்த்துக் கட்டப் போனார்.

"இருங்க, இருங்க," என்று தடுத்து, பையிலிருந்த துண்டை எடுத்து ஊசி டப்பாவைச் சுற்றிய பிறகே ஐஸ் பக்கத்தில் வைக்க விட்டாள்.