கையில் கொடுக்காத கத்தி

"கத்திய என் கையில குடுங்க, ஆன்ட்டி."

இப்படிக் கேட்கவே கூடாது என்று சொல்லித்தான் அம்மா என்னை ஈரோட்டிலிருந்து அனுப்பினாள். அடுத்தவர் வீட்டில் வைத்ததை எடுத்துக்கொள், கையை நீட்டாதே, ஏன் என்று கேட்காதே. கேட்டுவிட்டேன். தீபாவளிச் சனிக்கிழமை மத்தியானம், அமெரிக்காவில், மில்பிடாஸில், விருந்தாளி முன்னால்.

அந்தக் கத்தி எப்படி இருந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வெங்கடாசலம் அங்கிள் ஆபீஸ் வேலையாக ஜப்பான் போனபோது வாங்கி வந்தது. தனபாக்கியம் ஆன்ட்டி அதைக் கொண்டு கொப்பரைத் தேங்காயை நெம்பியதில் வெட்டுவாயில் மூன்று இடம் பல்லுப்பல்லாகப் பெயர்ந்திருந்தது. இழுத்தால் கூராகும் என்று விற்கிறார்களே, அந்தப் பிளாஸ்டிக் டப்பாவில் நாலு வருஷம் இழுத்து இழுத்து மெல்லிய பகுதி முழுக்கப் போய், தடித்த உடம்பே வாயாகிவிட்டது. அது கேரட்டை வெட்டவில்லை, விறகு மாதிரிப் பிளந்தது. போதாதென்று ஆயுத பூஜைக்கு அதன்மேல் ஈரச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, அறுத்த எலுமிச்சம்பழத்தையும் சாய்த்துவைத்து, மறுநாள்வரை யாரும் தொடக்கூடாது என்றுவிட்டார். அது துருப்பிடிக்கும் எஃகு. விடிந்து பார்த்தால் பொட்டு வைத்த இடமெல்லாம் துரு.

அந்த வீட்டு மாடி அறையில் எட்டு மாதமாகக் குடியிருந்தவள் நான். குப்பைக்குப் போக இருந்த கத்தியை, "நான் பாக்கறேன்" என்று வாங்கிக்கொண்டேன். சாணைக்கல் என்னிடம் இருந்தது, முரடு, நடு, நைஸ் என்று. மூன்று கல்.

எல்லோரும் வாயை மட்டும் கூராக்குவார்கள். அது பாதி வேலைகூட இல்லை. வாய்க்குப் பின்னால் தடித்திருந்தால் எத்தனை கூரானாலும் காய்க்குள் சிக்கும். பக்கத்தையே மெலிதாக்க வேண்டும். கத்தியைக் கல்மேல் ஏறக்குறையப் படுக்கவைத்து, மூன்று விரலால் அழுத்தி, தண்ணீர் தெளித்துத் தேய்த்தேன். பக்கத்தில் மார்க்கர் பேனாவால் பூசிக்கொள்வேன். மை போன இடத்தில் கல் பட்டிருக்கிறது, நிற்கும் இடத்தில் படவில்லை. மூன்று ஞாயிறு கராஜில் இதே வேலை. நகம் தேய்ந்தது, விரல்நுனி தோல் போயிற்று. முரட்டுக் கல் போட்ட கீறலை நடுக்கல் அழிக்க வேண்டும், நடுக்கல்லின் கீறலை நைஸ் கல் அழிக்க வேண்டும். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து ஒரு கீறல் தெரிந்ததற்காக இரண்டு தடவை முதல் கல்லுக்கே திரும்பினேன்.

கடைசியாகக் கல்லின் குழைசேற்றை விரலால் தொட்டுத் தேய்த்தபோது, வெளி இரும்பு பனி படிந்ததுபோல் மங்கியது. நடுவில் பொதிந்திருந்த கெட்டி எஃகு வாயோரம் பளிச்சிட்டது. இரண்டுக்கும் நடுவே அலைபோல் ஒரு கோடு. தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையது. அதை வாங்கிய அன்றுகூட இப்படிச் சிரிக்கவில்லை.

இனி அந்த விஷயம். குடிவந்த முதல் வாரம் ஆன்ட்டி காபி டம்ளரைக் கையில்தான் கொடுத்தார். இரண்டாவது வாரம், "அப்பா என்ன பண்றாருங் கண்ணு?" என்றார்.

"தோல் ஷாப்புல, தோல் பதம் பண்ற வேலைங்க."

அன்றிலிருந்து டம்ளர் சமையல் மேடையில். தபால் மேஜையில். கத்தியும் மேடையில்தான். ஆனால் அதற்கு மட்டும் ஒரு காரணம் சொல்வார்: "கத்தியக் கைக்குக் கை குடுத்தா சண்டை வருங் கண்ணு." எங்கள் அம்மாவும் அதைத்தான் சொல்வாள். அதனால் கத்தி விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

சனிக்கிழமை அங்கிளின் சிநேகிதர் பசுபதி வந்திருந்தார். அங்கிள் கத்தியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "பாருய்யா, நம்ம வீட்டுப் பொண்ணு பண்ணுன வேலை. புதுசு தோத்துரும்."

"அடேங்கப்பா, இதுல ஷேவ் பண்ணலாம் போல! எங்கூட்டுக்காரி கண்ணுல மட்டும் காட்டிறாதீங்க, நேரா என்னையத் தேடி வந்துருவா."

சிரிப்பு. பசுபதி கையிலிருந்து கத்தி ஆன்ட்டி கைக்குப் போனது. யாருக்கும் சண்டை ஞாபகம் வரவில்லை.

"குடுங்க ஆன்ட்டி, வெள்ளரிக்காய நான் நறுக்கறேன்" என்று கையை நீட்டினேன். சிரித்த முகம் மாறாமல் கத்தியை மேடையில் வைத்துக் கையை இழுத்துக்கொண்டார். "எடுத்துக்க கண்ணு."

அப்போதுதான் கத்தியைக் கையில் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன்.

"கையில குடுத்தா சண்டை வருமில்ல?" என்றார் ஆன்ட்டி.

"இப்பத்தான பசுபதி அங்கிள் கையிலிருந்து வாங்குனீங்க? அவரோட எப்பச் சண்டை?"

பசுபதி தன் முறுக்கையே பார்த்தார்.

"நல்ல நாளும் அதுவுமா என்ன பிரீத்தி இது? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா" என்றார் அங்கிள்.

"எட்டு மாசமாப் பண்ணிட்டேன், அங்கிள். காபி டம்ளருக்குமா சண்டை வரும்?"

ஆன்ட்டி முகம் சிவந்தது. "படிச்ச கொழுப்பு பேச வெக்குது."

"ஆமாங்க ஆன்ட்டி. கஷ்டப்பட்டுப் படிச்ச கொழுப்பு."

நீட்டிய கையோடு நின்றேன். கத்தி அவருக்கு ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது. அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான். போவது என்று முடிவாயிற்று.

நானே கத்தியை எடுத்தேன். வெள்ளரிக்காய் சத்தமே போடவில்லை. அடியில் இருக்கும் பலகை தெரியும்படி வில்லைகள் விழுந்தன. "அம்மாடி" என்று பசுபதிக்கு வாய் தவறி வந்துவிட்டது. கத்தியைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைத்தேன். என் வேலையை நான் பாதியில் விடுவதில்லை.

மாடியிலிருந்து ஜோவானாவைக் கூப்பிட்டேன். என்னோடு வேலை செய்பவள், பக்கத்து ஊர் ஃப்ரீமான்டில் இருக்கிறாள்.

"உன் பக்கத்து ரூம் இன்னும் காலியாடீ?"

"காலிதான், வா. ஆனா கீழ்வீட்டு நாய் விடாமக் குரைக்கும்."

"குரைக்கட்டும்."

இரண்டு பெட்டி. டவலில் சுற்றிய மூன்று கல். இறங்கி வந்தபோது அங்கிள் வாசலருகில் நின்றார். "அந்தக் கல்லையாவது வெச்சுட்டுப் போயேன்மா."

"கல்லு என்னோடதுங்க அங்கிள். கத்தி உங்களோடது. தேங்காய நெம்பாதீங்க."

வீட்டுச் சாவியை மேடையில், கத்தி பக்கத்தில் வைத்தேன். ஆன்ட்டி திரும்பவில்லை.

காரில் கல்லை முன்சீட்டில் வைத்ததும், கனத்துக்கு, ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்து, பெல்ட் போடச் சொல்லிக் கார் மணி அடித்தது. கல்லுக்கு சீட் பெல்ட்டை மாட்டிவிட்டுக் கிளம்பினேன்.